வாசிப்புக் கல்வி: அமெரிக்கக் கருத்துப்போரும் ஆசிரியர் பயிற்சியும்

குழந்தைக்கு வாசிக்கக் கற்பிப்பது எளிய பணி எனப் பலர் எண்ணுவர். அமெரிக்கக் கல்வி வரலாற்றிலோ அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓயாத கருத்துப்போர் அதனைச் சுற்றியே நடந்துள்ளது.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ 40க்கு மேல். ஆதலின் எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறைப்படி கற்பிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். முழுச் சொற்களோடும் கதைகளோடும் பழகினால் வாசிப்பு இயல்பாகவே கைவரும் என்பர் மறுசாரார். 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் முழுச்சொல் முறையைச் சாடி நூலெழுதினார். 1967இல் ஹார்வர்டு பேராசிரியர் ஜீன் சால், அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, தொடக்க நிலைக்கு எழுத்தொலி முறையே ஏற்றது என்றார். அதே ஆண்டில் கென்னத் குட்மன், வாசிப்பு என்பது சூழல் கொண்டு ஊகிக்கும் விளையாட்டே என எழுதினார். அக்கருத்துப் பின்னாளில் ஆசிரியர் பயிற்சியில் ஆழ வேரூன்றியது.

பூசலைத் தீர்க்கும் பொருட்டு, 1997இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஓர் ஆய்வுக் குழுவை அமைக்கப் பணித்தது. தேசிய வாசிப்புக் குழு 2000இல் அறிக்கை அளித்தது. எழுத்தொலிப் பயிற்சி பயன் தரும். ஆயினும் சரளம், சொல்வளம், பொருளுணர்வு ஆகியனவும் வேண்டும் என்பது அதன் முடிவு. ஆய்வின் எல்லை மிகக் குறுகியது என உறுப்பினர் ஜோவான் யாட்வின் மாற்றுரை வரைந்தார்.

அவ்வறிக்கையில் அதிகம் பேசப்படாத பகுதி ஆசிரியர் பயிற்சி பற்றியது. பணியிலுள்ள ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தால் மாணவர் தேர்ச்சி உயரும் என்பதற்குச் சான்று இருந்தது. பணிக்கு முந்தைய பயிற்சி பற்றிய ஆய்வுகளோ ஆசிரியரை மட்டுமே அளந்தன. அவரிடம் பயின்ற குழந்தையை அளக்கவில்லை. கல்லூரிகள் எதனைக் கற்பிக்க வேண்டும் என்ற வினாவுக்கு உறுதியான விடை கிடைக்காமற்போனது இதனாலேயாம்.

அடுத்து வந்த 'ரீடிங் ஃபர்ஸ்ட்' திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டாலர் ஒதுக்கப்பெற்றது. வகுப்பில் வாசிப்புப் பாட நேரம் கூடிற்று; பொருளுணர்வு குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை என 2008இல் வெளிவந்த மதிப்பீடு கூறியது. மாறாக, 2013இல் சட்டமியற்றிய மிசிசிப்பி மாநிலம், ஆசிரியர்க்கு எழுத்தொலி அறிவு புகட்டி, பள்ளிகளுக்குப் பயிற்றுநரையும் அனுப்பியது. 2019இல் அதன் நான்காம் வகுப்பு மாணவர் தேசியச் சராசரியை எட்டினர். மூன்றாம் வகுப்பில் பின்தங்கியோரை அவ்வகுப்பிலேயே நிறுத்தியதன் பங்கு எவ்வளவு என்ற விவாதமும் உடனெழுந்தது.

ஆய்வின் முடிவை நூலில் பொறித்தல் ஒன்று. அதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்லல் வேறொன்று. இரண்டுக்கும் இடையே நிற்பவர் ஆசிரியர். அவருக்கு அளிக்கும் பயிற்சியின் பயனைக் குழந்தையின் வாசிப்பைக் கொண்டு அளக்கும் நாள்வரை இவ்விவாதம் முடிவுறாது.