ஒரு ரெசிஸ்டரைக் கழற்றிய கதை

ஈசிஜி பேப்பரில் கோடு பொடிப்பொடியாக நடுங்குவதைப் பார்த்திருப்பீங்க. பல சமயம் அது இதயத்தின் நடுக்கமே இல்லை. சுவருக்குள் ஓடும் கரண்டின் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரும் பம்புமாக வாழும் கோயம்புத்தூரில், காந்திபுரத்தில் கிளினிக் வைத்திருப்பவருக்கு இது பழகின தொல்லை. இத்தனைக்கும் இதயம் தரும் சிக்னல் சுமார் 1 மில்லிவோல்ட்.

அதைவிட ரொம்பச் சின்ன சிக்னலைப் பிடிக்க இயற்பியல்காரங்க பட்ட பாட்டை இன்னைக்குச் சொல்றேன். ஜெர்மானியம் டிடெக்டர். டாக்டருக்கு இதில் என்ன அக்கறைன்னு கேட்பீங்க.

அணு உலை விபத்து என்றால் எங்களுக்கு முதல் பயம் அயோடின்-131. பாலில் இறங்கும், குழந்தையின் தைராய்டில் போய் உட்காரும். அதன் முக்கியமான காமா கதிரின் ஆற்றல் 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட். சிக்கல் என்னன்னா, ரேடானிலிருந்து இயற்கையாகவே உண்டாகும் ஈயம்-214 விடும் கதிர் 352. நடுவில் 12 தான். பழைய சோடியம் அயோடைடு டிடெக்டரில் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். பாலில் விஷமா, இல்லை எப்போதும் இருக்கிற ரேடானா? ஜெர்மானியம் பிரித்துச் சொல்லும்.

மண்ணை அளக்கும்போதும் இதே கேள்விதான். கூடலூர் மண்ணில் தோரியம், யுரேனியம், பொட்டாசியம் எவ்வளவு என்று நம்ம பாரதியார் பல்கலைக்கழகத்தார் அளந்து 2000-ல் வெளியிட்டார்கள். தோரியம் வரிசையின் ஒரு கோடு 238.6, யுரேனியம் வரிசையின் ஒரு கோடு 242. இடைவெளி மூன்றரை கூட இல்லைங்க!

ஜெர்மானியத்தை 1886-ல் கண்டுபிடித்தவர் விங்க்ளர். அதில் லித்தியம் செலுத்தி காமா டிடெக்டர் செய்தது 1962-63-ல்: இங்கிலாந்தில் ஃப்ரெக், வேக்ஃபீல்ட், கனடாவின் சாக் ரிவரில் டேவண்டேல், ஈவன். அயோடினின் ஒரு கதிர் படிகத்தில் முழுசாக அடங்கினால் சுமார் ஒன்றேகால் லட்சம் எலக்ட்ரான் கிடைக்கும். நிறைய மாதிரி இருக்கா? ஒரு மைக்ரோ ஆம்பியர் கரண்டில் நொடிக்கு ஆறு லட்சம் கோடி ஓடும்.

சாதாரண வெப்பத்தில் படிகமே சும்மா எலக்ட்ரானைக் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியை ஒட்டிக் குளிர வைத்தார்கள். படிகம் அடங்கியது. அப்புறம்தான் தெரிந்தது, மிச்ச இரைச்சல் முதல் டிரான்சிஸ்டரிலும் அதை ஒட்டிய ரெசிஸ்டரிலும் இருக்குன்னு.

டிரான்சிஸ்டரையும் (எஃப்.இ.டி. என்பார்கள்) உள்ளேயே வைத்துக் குளிரூட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை: சிலிக்கன் எஃப்.இ.டி. அந்த அளவுக்குக் குளிர்ந்தால் ஒழுங்காக வேலை செய்யாது. மைனஸ் 140 சுமாருக்கு இருந்தால்தான் அதுக்கு சுகம். ஆகவே படிகத்தைவிடக் கொஞ்சம் கதகதப்பாக வைத்தார்கள்.

ரெசிஸ்டர்தான் முரடு. எந்த ரெசிஸ்டரும் வெப்பத்தாலேயே இரைச்சல் போடும். 1928-ல் ஜான்சன் அளந்து காட்ட, நைக்விஸ்ட் கணக்கு சொன்னார். மதிப்பைக் கூட்டினால் இங்கே இரைச்சல் குறையும் என்பதால் நூறு கோடி ஓம், அதற்கும் மேல் என்று போனார்கள். போதவில்லை. சேரும் மின்னூட்டம் வடிய ஒரு வழி வேணுமே, அதுக்குத்தானே ரெசிஸ்டர்?

1969-ல் பெர்க்லியில் கோல்டிங், வால்டன், மலோன் மூவரும் ரெசிஸ்டரையே கழற்றிவிட்டார்கள். பதிலுக்கு எஃப்.இ.டி. மீது ஒளி! வெளிச்சம் பட்டால் அதன் வழியே மின்னூட்டம் வடியும். பிறகு விளக்கை, நிரம்பும்போது மட்டும் மின்ன வைத்தார்கள். தொட்டியில் ஓட்டை போட்டால் ஓட்டையே சலசலக்கும்; ஓட்டையை அடைத்துவிட்டு, நிரம்பினதும் ஒரு வாளி மொண்டு ஊற்றுவது மாதிரி. மின்னும் கணத்தில் மட்டும் அளக்க முடியாது. எனக்கு இந்தக் கதையிலேயே பிடிச்ச இடம் இதுதான்.

இன்னும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. நைட்ரஜன் கொதிக்கும் அதிர்வே சிக்னலாக வரும். சிக்னலைச் சராசரி எடுக்கும் நேரம் குறைந்தால் ஒரு வகை இரைச்சல், கூடினால் வேறு வகை. ஜெர்மானியத்துக்குப் பெரும்பாலும் சில மைக்ரோ நொடிகள். எர்த் சரியில்லைன்னா நம்ம 50 ஹெர்ட்ஸ் இங்கேயும் வந்து நிற்கும்.

லித்தியம் செலுத்தின படிகம் ஒருமுறை சூடேறினாலும் கெட்டுப்போகும். எழுபதுகளில் மிகத்தூய ஜெர்மானியம் வந்தபிறகு அந்தப் பயம் போச்சு. இப்போ இந்தியாவில் மும்பை டிஐஎஃப்ஆர், டெல்லி, கொல்கத்தா முடுக்கி மையங்கள் பகிர்ந்துகொள்ளும் காமா வரிசையில் 24 க்ளோவர் டிடெக்டர்கள் வரை பொருத்தலாம். க்ளோவருக்கு 4 படிகம், ஆக 96. சிக்னலை உடனே எண்களாக மாற்றி, சராசரி நேரத்தை சாப்ட்வேரிலேயே திருத்துகிறார்கள். அந்த முதல் எஃப்.இ.டி. மட்டும் இன்னும் படிகத்துக்குப் பக்கத்தில், குளிரில்தான் இருக்கு.