அமீபா வளர்ந்த ஊர்: ஆய்வாளர்கள் கண்ட திருப்பூர்

திருப்பூரைப் பற்றி ஊருக்குள் சொல்லப்படும் கதை நமக்கெல்லாம் தெரிந்ததுதான். காடு தோட்டத்தை விட்டு பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் ராத்திரி பகலாக உழைத்தார்கள், முதலாளி ஆனார்கள், டாலர் சிட்டி உருவானது. இதற்கு இணையாக இன்னொரு கதை நாற்பது வருடமாக ஓடுகிறது. அது பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட கதை. பொருளியல், மேலாண்மை, புவியியல், மானுடவியல், நீரியல் என்று ஆளாளுக்கு ஒரு கேள்வியோடு இந்த ஊருக்கு வந்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகளை வரிசையாக வைத்து வாசித்தால் ஒன்று புரிகிறது. எது இந்த ஊரை வளர்த்ததோ, அதுவேதான் இங்கே யாரையும் பொறுப்பாக்க முடியாமலும் செய்தது.

முதலில், ஏன் திருப்பூர்? 1920-களிலிருந்தே இங்கே பின்னல் இயந்திரம் ஓடியது. ஆனால் அது உள்ளூர்ச் சந்தைக்கான வெள்ளை பனியன். 1970-களின் இறுதியில் இத்தாலியிலிருந்து வாங்குபவர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் ஏற்றுமதி பிடித்தது. அதே காலத்தில் மேற்கே ஒரு விவாதம் நடந்துகொண்டிருந்தது. மைக்கேல் பியோரும் சார்லஸ் சேபலும் 1984-இல் ஒரு புத்தகம் எழுதினார்கள். பெரிய தொழிற்சாலைகளின் காலம் முடிகிறது, இத்தாலியின் பிராட்டோ போன்ற ஊர்களில் சிறு பட்டறைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உலகச் சந்தையில் ஜெயிக்கின்றன என்பது அவர்கள் வாதம். அப்புறம் என்ன, வளரும் நாடுகளில் அப்படி ஓர் ஊர் உண்டா என்று தேடல் ஆரம்பித்தது. தேடியவர்களுக்குத் திருப்பூர் கிடைத்தது.

1980-களில் இங்கே களஆய்வு செய்த பமீலா காத்தார்ன் கண்டது ஒரு விநோதமான வளர்ச்சி. சாதாரணமாக ஒரு கம்பெனி வளர்ந்தால் பெரிதாகும். திருப்பூரில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒரே முதலாளி, ஒரே குடும்பம், ஆனால் நாலு பெயரில் நாலு யூனிட். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங் எல்லாம் வேறு வேறு கூரையின் கீழே. இதற்கு அவர் வைத்த பெயர் ‘அமீபா முதலாளியம்’. காரணங்களும் இருந்தன. பின்னலாடை நீண்ட காலம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருந்தது. ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் தொழிற்சாலைச் சட்டத்தின் கைக்கும் எட்டாது. ஆர்டர் வந்தால் விரியலாம், இல்லாவிட்டால் சுருங்கலாம். மேலாண்மைப் படிப்பில் இதற்கு ‘நெகிழ்வுத்தன்மை’ என்று பெயர். அந்த நெகிழ்வின் சுமையை வேலை இல்லாத நாளில் சுமந்தது பீஸ் ரேட்டுக்குத் தைத்தவர்கள். 1984-இல் பஞ்சப்படி கேட்டு நடந்த நீண்ட வேலைநிறுத்தம் இந்தப் பின்னணியில்தான் வந்தது.

1994-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் எழுதிய ஆய்வறிக்கையின் தலைப்பே ஒரு கேள்விக்குறியோடு முடிந்தது. திருப்பூர், இந்தியத் தொழில் வட்டாரமாக உருவாகிறதா? பட்டறைகள் குவிந்திருப்பது மட்டும் போதாது, தொழிலாளியின் நிலையும் உயர வேண்டும் என்பதே அந்தக் கேள்விக்குறியின் பொருள்.

அடுத்து வந்தது பணத்தைப் பற்றிய கேள்வி. பின்னாளில், 2019-இல், நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஏற்றுமதியாளர்களை இரண்டாகப் பிரித்தார்கள்: உள்ளூர் கவுண்டர்கள், வெளியிலிருந்து வந்தவர்கள். கவுண்டர்கள் அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள். வெளியாட்கள் குறைந்த முதலோடு தொடங்கி, வேகமாக வளர்ந்து, சில ஆண்டுகளில் உற்பத்தியில் முந்தினார்கள். பாடநூல் சொல்வதுபோல, பணம் திறமை இருக்கும் இடத்துக்குப் போயிருந்தால் நிலைமை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். போகவில்லை. அது உறவு இருக்கும் இடத்துக்குப் போனது.

அந்த உறவு எப்படி முதலாகிறது என்பது ஷரத் சாரியின் கேள்வி. அதே 2004-இல் வந்த அவருடைய புத்தகம் ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’. தலைப்பைச் ‘சகோதர மூலதனம்’ என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் நம்மிடம் இன்னும் பொருத்தமான சொல் இருக்கிறது: பங்காளி. ரத்த உறவுக்கும் தொழில் கூட்டுக்கும் ஒரே சொல். வேளாண் குடும்பத்திலிருந்து வந்து, மெஷினில் உட்கார்ந்து, முதலாளியான ஆண்கள் தங்கள் வெற்றிக்குச் சொன்ன காரணம் ‘உழைப்பு’. சாரி அதைப் பொய் என்று தள்ளிவிடவில்லை. யாருடைய உழைப்பு முதலாக மாறுகிறது, யாருடையது கூலியாகவே நின்றுவிடுகிறது என்று கேட்டார். அதே மெஷினில் அதே நேரம் உட்கார்ந்த பெண்ணுக்கும் தலித் தொழிலாளிக்கும் அந்தக் கதை கிடைக்கவில்லை.

பின்னாளில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல்லும் கேர்ட் டி நீவும் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய் இன்னொரு அடுக்கைக் காட்டினார்கள். ஒரு கிராமத்தில் தலித் இளைஞர்கள் பஸ் ஏறி பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார்கள். இன்னொன்றில், விசைத்தறியில் வாங்கிய முன்பணம் கட்டிப்போட்டிருப்பதால் அதே வாய்ப்பு பலருக்கு எட்டவில்லை.

இதுவரை வந்தவை மனிதர்களின் கணக்கு. தண்ணீரின் கணக்கை அறிவியல்தான் எடுத்தது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் சாயத்தொட்டியில் உப்பு கொட்ட வேண்டும். அடர் நிறம் என்றால் இன்னும் அதிகம். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு ஒட்டாது. அது அப்படியே கழிவுநீரில் வெளியேறும். நிறத்தை நீக்கலாம், உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. 1992-இல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது பாசனத்துக்காக. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாகி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவதுதான் நமக்குப் பழக்கம்!

சென்னைப் பொருளியல் பள்ளியின் பால் அப்பாசாமி, பிரகாஷ் நெல்லியாத் போன்றவர்கள் விவசாயம், குடிநீர், மீன்வளம் ஆகியவற்றின் இழப்பை ரூபாயில் மதிப்பிட்டார்கள். 2004-இல் சூழலியல் இழப்பு ஆணையம் 28,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 9,000 ரூபாய்கூட வராது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. சுமார் 700 பட்டறைகள்.

இந்த 700 என்ற எண்ணில்தான் எல்லா ஆய்வுகளும் சந்திக்கின்றன. ஒரே ஆலை இருந்திருந்தால் ஆற்றைக் கெடுத்தவன் யார் என்று கை காட்டலாம். 700 பட்டறைகள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்கு ஜாப் ஒர்க் செய்கிறது. ஏற்றுமதியாளரைக் கேட்டால், “அது நம்ம பட்டறை இல்லீங்க, வெளிய குடுத்ததுங்க.” பட்டறைக்காரரைக் கேட்டால், குடுக்கற ரேட்டுக்கு இதுக்கு மேல முடியாதுங்க. வெளிநாட்டு வாங்குநர் இந்தச் சங்கிலியில் கண்ணிலேயே படமாட்டார். கூலிப் பிரச்சினையிலும் இதே பதில்தான். காத்தார்ன் சொன்ன அமீபாவுக்குப் பிடிப்பதற்குக் கழுத்து இல்லை.

பொருளியலில் இதற்கு ‘புறவிளைவு’ என்று பெயர். அதாவது கணக்குக்கு வெளியே விழுந்த செலவு. ஆனால் நொய்யல் கரையில் கிணறு வைத்திருந்தவருக்கு அது எதற்கும் புறம் அல்ல, வீட்டு வாசல். மூலதனம் சரியாகப் பங்கிடப்பட்டதா என்று கேட்ட ஆய்வில் ஆற்றுக்கு இடமில்லை, உப்பை அளந்தவரிடம் பங்காளிக்கு வேலையில்லை. அது ஆய்வாளரின் குறை அல்ல, துறையின் எல்லை. சேர்த்து வாசிக்கும் வேலை அதனால் நமக்கு வருகிறது.

இன்று பூஜ்ய வெளியேற்ற முறை நடக்கிறது. சவ்வூடு வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். சும்மா சொல்லக் கூடாது, பெரிய சாதனைதான். ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. மெஷினில் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாருடைய உழைப்பு முதலாகும் என்ற சாரியின் கேள்விக்கு வயது கூடியிருக்கிறது, பதில் வரவில்லை. உப்பும் மறைந்துவிடவில்லை. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த கலப்பு உப்பும் கசடும் எங்கே கொட்டுவது என்று தெரியாமல் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கின்றன. அதை யார் கணக்கில் எழுதுவது என்பது இன்னும் முடிவாகவில்லை.