பலாதுர் முதல் டொனெபெசில் வரை: மறதிக்கு மருந்து தேடிய கதை



எங்கள் தெருவில் ஒரு மூத்தம்மா இருக்கிறார். 2004 சுனாமியில் மௌத்தான மகன் இன்னும் வீட்டுக்கு வரவில்லையே என்று அஸருக்குப் பிறகு கடப்படியில் வந்து நிற்பார். போன கிழமை அவரின் மகள் ஒரு 'ஞாபகசக்தி'ப் போத்தலை எங்களிடம் காட்டி, "சேர், இது சரிவருமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் வயது.

9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி. அவர் பெயரிலுள்ள 'பலாதுர்' நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த சேங்கொட்டைதான். தோலில் பட்டாலே கொப்பளிக்கும். இந்தியாவிலிருந்து போன அந்தக் கொட்டையை நினைவாற்றலுக்காக அரபு நாடுகளில் உட்கொண்டார்கள். அதைக் குடித்துப் புத்தி தடுமாறியே அவர் மௌத்தானார் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. குடித்தவர் அவரின் பாட்டனார் என்போரும் உண்டு. அடுத்த நூற்றாண்டில் கைரவான் நகர வைத்தியர் இப்னுல் ஜஸ்ஸார் மறதிக்கென்றே ஒரு நூல் எழுதினார். அது லத்தீன் மொழிக்கும் போனது.

1906இல் ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்சைமர், மறதியால் பாதிக்கப்பட்டு இறந்த ஒரு பெண்ணின் மூளையில் கண்ட மாற்றங்களை விளக்கினார். மருந்து வர இன்னும் பல வருடங்கள் சென்றன. ஜப்பானின் சுகிமோட்டோ ஹச்சிரோ, தன்னையே அடையாளம் காணாத தாயைக் கண்ட ஆய்வாளர். அவரின் குழு உருவாக்கிய டொனெபெசில் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் செய்தி கடத்தும் அசெற்றைல்கோலின் விரைவில் அழியாமல் அது காக்கிறது. சிலருக்குச் சில காலம் பயன் தரும். போன நினைவை மீட்டுத் தராது, நோயை நிறுத்தவும் மாட்டாது.

அப்படியானால் போத்தல்கள்? ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 3,069 முதியவர்களிடம் சோதித்தார்கள். மறதிநோயை அது தடுக்கவில்லை என்று 2008இல் முடிவு வந்தது. நம் வல்லாரைச் சம்பலும் நல்ல சாப்பாடுதான். ஆனால் அதை நம்பி வைத்தியரைப் பிற்போட முடியாது.

ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியான ஆய்வில் 28 பேருக்கு மறதிநோய் இருந்தது. ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர். நம் மஹல்லாவிலும் இருப்பார்கள். நாம்தான் "வயசு போனா அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போகிறோம்.

தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைவு, சில தூக்க மாத்திரைகள் இவையும் மறதியைத் தரும். இவற்றைச் சரிசெய்யலாம். அதனால் ஓதிப் பார்ப்பவர்கள் ஓதிப் பாருங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். குடிக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அந்த மகளிடம் நாங்கள் சொன்னதும் இதைத்தான். இன்னொன்றும் சொன்னோம்: உம்மா மகனைக் கேட்டால், "அவர் மௌத்தாகிட்டார்" என்று ஒவ்வொரு நாளும் புதிதாக அழ வைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து, அவரைப் பற்றிக் கதையுங்கள்.

நம் பெற்றோருக்கு அல்லாஹ் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.