கடலடியை வாசித்த மனிதர்



உணவுச் சங்கிலியைக் கற்பிக்கும்போது, எல்லா உயிர்களின் உணவுக்கும் மூலம் சூரிய ஒளியே என்று கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். அது முழு உண்மையன்று என்பதை ஆழ்கடல் ஆய்வாளர் ராபர்ட் பல்லார்டின் வரலாற்றைப் படித்தபோதே அறிந்தேன். என்னுடைய வேறொரு தவற்றையும் அவ்வரலாறு எனக்கு உணர்த்தியது.

பல்லார்ட் 1942-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் வளர்ந்தார். நீர்மூழ்கிக் கப்பல் தலைவர் நீமோவின் கதையில் மனத்தைப் பறிகொடுத்த சிறுவன் அவர். 1967-இல் கடற்படைப் பணியேற்று, வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்திற்கு அனுப்பப்பட்டார். 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1977-இல் அவர் இடம்பெற்ற ஆய்வுக்குழு, கலாப்பகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டது. இருள் சூழ்ந்த அவ்விடத்தில் சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் செழித்திருந்தன! நிலவியல் ஆய்வுக்காகப் புறப்பட்ட அக்குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவர்கூட இல்லை. அங்குள்ள நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து ஆற்றல் பெற்று உணவு ஆக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலை அவர் கண்டுபிடித்த விதமும் அறியத்தக்கது. தெரெஷர், ஸ்கார்ப்பியன் என்னும் மூழ்கிய இரு நீர்மூழ்கிக் கப்பல்களை ஆராயும் இரகசியப் பணியைக் கடற்படை அவரிடம் ஒப்படைத்தது. அது முடிந்தபின் எஞ்சிய நாள்கள் பன்னிரண்டே. ஆயினும் அப்பணியில் அவர் ஒரு பாடம் கற்றிருந்தார். மூழ்கும் கலத்தின் கனமான பகுதிகள் நேரே கீழிறங்கும். இலேசான பொருள்களை நீரோட்டம் நெடுந்தூரம் இழுத்துச் சிதறவிடும். எனவே கப்பலைத் தேடாமல் அச்சிதறலின் தடத்தைத் தேடினார். 1985 செப்டம்பர் 1 அன்று, பிரெஞ்சு அறிஞர் ழான் லூயி மிஷேலுடன் சேர்ந்து நடத்திய தேடலில், ஏறத்தாழ 3,800 மீட்டர் ஆழத்தில் டைட்டானிக் தென்பட்டது.

அதன்பின் பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள் அவருக்கு வந்து குவிந்தன. அவற்றுக்கு விடையாக, கடலாய்வை மாணவர் நேரலையில் காணும் ஜேசன் திட்டத்தை 1989-இல் தொடங்கினார்.

இத்தகையவர், தமக்கு டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புச் சிக்கல் உண்டென்பதை முதிய வயதிலேதான் அறிந்தார்! 2021-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அதனை வெளிப்படையாக எழுதியுள்ளார். எதையும் படமாகக் காணும் தம் ஆற்றலை அதனோடு இணைத்தே பார்க்கிறார்.

இதைப் படித்ததும் என் பழைய மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். ஒரு வரியை வாசிக்கத் திணறுவான். ஆனால் அறிவியல் படங்களை ஒருமுறை பார்த்துப் பிழையின்றி வரைவான். நானோ அவனைச் சோம்பேறி என்று வகுப்பின் முன் கடிந்திருக்கிறேன். அவன் வரைந்ததை ஒருநாளும் பாராட்டியதில்லை.

வாசிக்கத் தடுமாறும் எல்லாப் பிள்ளைகளும் பல்லார்ட் ஆகிவிடுவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவுகட்டும் முன், தகுந்த வல்லுநரிடம் காட்டிச் சோதித்தறிவது நம் கடமையன்றோ? அந்த மாணவனுக்கு நான் செய்யத் தவறியது அதுவே.

அன்புடன்,
ஓர் ஆசிரியை