கதவைத் தட்டும் ஓசை

சில நூறு படிகளே வெளியாகி, விலைபோகாமல் மறக்கப்பட்டு, பல்லாண்டுகள் கழித்து எவரோ தேடிக் கண்டெடுத்த இசைத்தட்டுகளுக்கும் இசை வரலாற்றில் இடமுண்டு. 1970ஆம் ஆண்டை ஒட்டி மேற்கு ஜெர்மனியில் எழுந்த புதுமை இசை அத்தகையது. ஆங்கிலேயப் பத்திரிகையாளர் அதற்குக் ‘கிரவுட்ராக்’ என்று பெயரிட்டனர். ‘கிரவுட்’ என்னும் ஜெர்மானியச் சொல் முட்டைக்கோசைக் குறிக்கும். போர்க்காலத்தில் ஜெர்மானியரை இழித்துரைக்கவும் அது வழங்கியது. ஏளனப் பெயர் தாங்கிய இவ்விசையின் பிறப்பில் திருவிவிலியத்திற்கும் பங்குண்டு, திருச்சபைக்கும் பங்குண்டு. நம் வாசகர் பலர் அறிந்திராத இச்செய்தியைச் சற்று விரித்துக் காண்போம்.

இதன் வேரைத் தேடினால் கொலோன் நகர வானொலி நிலையத்தை அடைகிறோம். அங்கிருந்த மின்னணு இசைக்கூடத்தில் கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் உருவாக்கிய ‘இளைஞர்களின் பாடல்’ 1956ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் அரங்கேறியது. தீச்சூளையில் எறியப்பட்ட மூன்று இளைஞர் படைப்புகள் அனைத்தையும் அழைத்து ஆண்டவரைப் போற்றிய தானியேல் நூலின் புகழ்ப்பாவே அதன் பாடுபொருள். திருச்சபையின் காலைச் செபத்தில் நாம் சொல்லும் அதே பாடல். ஒரு சிறுவனின் குரலை மின்கருவிகள் எழுப்பிய ஒலிகளோடு இழைத்து, கேட்போரைச் சூழ நிறுத்திய ஒலிபெருக்கிகளின் வழியே அவர் ஒலிக்கச் செய்தார். சொற்கள் பொறிகளாய்ச் சிதறுகின்றன. அவை கூடிப் பொருள் தரும் கணங்களில் இறைபுகழ் கேட்கிறது.

ஸ்டாக்ஹவுசனின் தாய் மனநல விடுதியில் இருந்தவர். 1941இல் நாசி ஆட்சியினர் அவரைக் கொன்றனர். தந்தை போர்முனையிலிருந்து திரும்பவில்லை. தீச்சூளை என்ற சொல்லை அத்தலைமுறையினர் நடுக்கமின்றிக் கேட்டிருக்க இயலாது. அந்நாளில் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவராய் விளங்கிய அவர், தம் படைப்பு கொலோன் பேராலயத்தில் ஒலிக்க விரும்பினார் என்றும், ஒலிபெருக்கிகளுக்கு ஆலயத்தில் இடமில்லை என்ற மறுமொழியே கிட்டியது என்றும் கூறுவர்.

அவரிடம் பயின்ற இர்மின் ஷ்மித்தும் ஹோல்கர் ட்சுகாயும் 1968இல் அதே கொலோனில் ‘கேன்’ என்னும் குழுவில் இணைந்தனர். தந்தையரின் அணிவகுப்புப் பாடல்களை ஏற்க மனமின்றி, அமெரிக்க இசையின் நகலாகவும் விரும்பாமல், வேறோர் ஒலியைத் தேடிய இளைஞர் கூட்டம் நாடெங்கும் உருவாயிற்று. பெர்லினில் அவ்வாறு கூடிய மூவர் கொன்ராட் ஷ்னிட்ஸ்லர், ஹான்ஸ்-யோவாக்கிம் ரோடேலியஸ், டீட்டர் மோபியஸ் ஆகியோர். அவர்களது குழுவின் பெயர் ‘குளுஸ்டர்’. அவர்களுள் ரோடேலியஸ் கிழக்கு ஜெர்மனியில் சிறைப்பட்டவர். மேற்கே வந்தபின் நோயாளருக்கு உடல் நீவிவிடும் பணி செய்து பிழைத்தவர்.

மெட்டும் இல்லாமல், சீரான தாளமும் இல்லாமல், செலோவையும் ஆர்கனையும் எதிரொலிக் கருவிகளின் வழியே உருமாற்றி இவர்கள் எழுப்பிய ஒலியை எந்த நிறுவனம் வெளியிடும்? தேவாலய ஆர்கன் இசைஞர் ஒருவர் இடைநின்று உதவ, கிறித்தவ வெளியீடுகளுக்குப் பெயர்பெற்ற டுசல்டார்ஃப் நகரின் ஸ்வான் பதிப்பகம் முன்வந்தது. ஒரே நிபந்தனை: தட்டின் ஒரு பக்கத்தில் சமய உரை இடம்பெற வேண்டும். அவ்வாறே ஒரு பக்கத்தில் பெண்குரல் ஒன்று உரை வாசிக்க, அதன் பின்னே இசை புரள்கிறது. மறுபக்கத்தில் இசை மட்டுமே. பின்னாளில் ஜெர்மானியப் புதுமை இசைக்கே வடிவம் தந்தவரெனப் புகழப்பெற்ற கோனி பிளாங்க் ஒலிப்பதிவு செய்தார். 1970இல் வெளிவந்த அத்தட்டின் படிகள் ஏறத்தாழ 300. அதன் பெயர் ‘க்ளோப்ஃப்சைஷன்’, அதாவது தட்டி அறிவிக்கும் சைகை. சிறைச்சுவரின் ஒருபுறம் தட்டும் கைதியையும் அச்சொல் நினைவூட்டும். திருவெளிப்பாட்டில் கதவருகே நின்று தட்டும் ஆண்டவரையும் நமக்கு நினைவூட்டும்.

கதவு அகலத் திறந்த நிகழ்ச்சியும் உண்டு. 1974 டிசம்பர் 13ஆம் நாள் ‘டாஞ்சரின் டிரீம்’ என்னும் பெர்லின் குழு பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தில் வாசித்தது. 1914இல் ஜெர்மானியப் பீரங்கிகள் எரித்த அதே ஆலயத்தில் ஜெர்மானியர் மூவர் வாசிக்க, இளைஞர் ஆயிரக்கணக்கில் திரண்டனர். ஆனால் இடம்கொள்ளாக் கூட்டத்தால் ஆலயம் அசுத்தமுற்றது. பெரும் கண்டனமும் எழுந்தது. வரவேற்பு மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆலயத்தின் வெளியே நின்று செபித்தவர் ‘போபோல் வூ’ குழுவின் ஃப்ளோரியன் ஃப்ரிக்கெ. ஜெர்மனியில் மோக் சிந்தசைசரை முதன்முதல் கையாண்டோருள் ஒருவரான அவர், அக்கருவியை ஒதுக்கிப் பியானோவுக்குத் திரும்பி, 1972இல் ‘ஓசன்னா மந்திரம்’ என்ற தட்டினை வெளியிட்டார். ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’ என்னும் கிரேக்க மன்றாட்டின் பெயரை ஒரு பகுதி தாங்குகிறது. ஓபோ குழலும் நம் தம்புராவும் உடனொலிக்க, கொரியப் பெண்மணி ஜொங் யுன் பாடுகிறார். அடுத்த ஆண்டு வெளிவந்த தட்டின் பெயரே மலைப்பொழிவின் ‘பேறுபெற்றோர்’ பகுதியைக் குறிப்பது.

1995இல் ஜூலியன் கோப் என்ற ஆங்கிலேய இசைஞர் இவ்விசையைப் போற்றி ஒரு நூல் எழுதியபின் பலர் இவற்றைத் தேடத் தொடங்கினர். அந்த 300 படிகளும் அரும்பொருளாயின. பின்னர் மறுபதிப்பும் கண்டன. இன்று வாங்குவோர் இசைக்காகவே வாங்குகின்றனர். எனினும் அச்சமய உரையை இசையிலிருந்து எவராலும் பிரித்தெடுக்க இயலாது. எங்கோ விதைத்த சொல், விதைத்தவர் எண்ணாத செவிகளை எட்டிக்கொண்டிருக்கிறது.

நாம் புனிதமெனப் போற்றும் ஆர்கனும் உரோமை ஆட்சிக் காலத்தில் வாள்வீரர் பொருதிய களங்களில் முழங்கியதே. நூற்றாண்டுகள் கழித்தே அது பீடத்தருகே வந்தது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற கருவிகளுக்கும் இடமளித்தபோது, அவை வழிபாட்டுக்குத் தகுந்தவையாகவும் இறைமக்களை வளர்ப்பவையாகவும் இருக்க வேண்டுமென வரையறுத்தது. தகுதியை ஆய்ந்தறிய முதலில் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். டுசல்டார்ஃபில் ஒலிப்பதிவுக்கு வழிசெய்தவர்களுக்கு அவ்விசை பிடித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆயினும் கேட்டார்கள், இடம் தந்தார்கள், தாங்கள் நம்பிய சொல்லையும் உடன் வைத்தார்கள். நம் பங்குகளில் இளையோர் புரியாத ஓசையோடு வந்து நிற்கும்போது, இதனை நாம் நினைவிற் கொள்வோமாக.