புள்ளலூர் வரைக்கும் ஒரு சைக்கிள்

எங்க பக்கம் கிராவல்னா லாரியில வர்ற செம்மண். ஏரியைத் தோண்டி எடுப்பார்கள், பள்ளத்தில் கொட்டி ரோலர் விடுவார்கள், அதன்மேல் கம்பெனி எழும்பும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்புப் புழுதி பழக்கமானது. அதனால் ‘கிராவல் பைக்’ என்று ஒரு சைக்கிள் இருப்பதாகக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் வாக்கில் அகலமான டயர். தார் ரோடு, மண் ரோடு இரண்டிலும் ஓடும். ஐரோப்பாவில் இதை எடுத்துக்கொண்டு ரைன், டான்யூப் கரையோரமாகவே பழைய எல்லை ஊர்களைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பனிப்போர்க் காலத்து எல்லைக்கோட்டைத் தொடர்ந்து போகவே யூரோவெலோ 13 என்று ஒரு பாதை வைத்திருக்கிறார்கள்.

மறைமலை நகரில் இருந்துகொண்டு வீடியோவில் அதையெல்லாம் பார்த்த எனக்கு ஒரே பொறாமை. நமக்கு ஏது ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஏது எல்லை ஊர்? இந்த ஊருக்கே வயது ஐம்பது சொச்சம்தான். 1950இல் இறந்துபோன தமிழறிஞர் மறைமலை அடிகளின் பெயரை வைத்து, சென்னைக்கு ஒரு துணை நகரமாகக் கட்டினார்கள். எங்கப்பா செய்யாற்றுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலை தேடி இங்கே வந்தவர். எனக்கு அந்தக் கிராமமும் சொந்த ஊர் இல்லை, இந்த ஊரும் இல்லை என்கிற மாதிரி ஒரு நினைப்பு.

போன வருஷம் நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ரூமில் கூட இருந்த மூன்று பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். நானும் கிளம்புவதா, இருப்பதா? முடிவு தெரியாத அந்த மாதத்தில்தான் செகண்ட் ஹேண்டில் ஒரு கிராவல் பைக் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை நாலரைக்குப் புறப்பட்டேன்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டினால் கொளவாய் ஏரி, அதை ஒட்டிச் செங்கல்பட்டுக் கோட்டை. விஜயநகரக் காலத்துக் கோட்டை அது. ரயில்பாதை அதற்குள்ளேயே ஓடுகிறது. தினமும் மின்சார ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கோட்டை என்று தெரியும்? பிரெஞ்சுக்காரர்கள் 1751இல் அதைப் பிடித்தார்கள், அடுத்த வருஷமே கிளைவ் அவர்களிடமிருந்து பிடுங்கினார்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் பாலாறு. கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, ஆந்திரத்தைக் கொஞ்சம் தொட்டு, வயலூர் பக்கம் கடலில் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர், அதில் 222 நம்முடையது. இதன் தண்ணீரைப் பற்றிய சண்டையும் பழசு. சென்னை மாகாணமும் மைசூரும் 1892இல் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. 2021 நவம்பரில் கரை தொட்டு ஓடியது. நான் போன அன்று மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரிந்தன.

பழைய சீவரத்தில் பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துப் பெரிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தக் கோயில் ஒரு வேதப் பாடசாலையையும், 15 படுக்கையோடு ஓர் ஆதுலர் சாலையையும் நடத்தியதை அது சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மருந்து கொண்டுவர ஆட்கள், பெண் பணியாளர்கள் என்று யார் யாருக்கு எவ்வளவு கூலி என்பதுகூட அதில் உண்டு. சம்பளப் பட்டியலைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தம் போய்விட்டவன் அதைப் படித்தால் கொஞ்சம் பொறாமை வரத்தான் செய்யும்.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: “எங்கிருந்துப்பா வர்ற?”

“மறைமலை நகருங்க ஐயா.”

“சொந்த ஊரு?”

தயங்கித் தயங்கி அப்பாவின் கிராமத்துப் பேரைச் சொன்னேன்.

“அட, செய்யாத்துக்காரனா! அப்ப உங்க ஊரு தண்ணிதாம்பா இங்க வந்து சேருது” என்றார். டீக்குக் காசு வாங்க விடவில்லை.

அங்கிருந்து வாலாஜாபாத். ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். பிறகு தார் ரோட்டை விட்டு ஏரிக்கரை மண் ரோடுகள். கிராவல் பைக்கை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்பது அங்கேதான் புரிந்தது. ஒருபக்கம் நீர், ஒருபக்கம் நெல், நடுவில் பனைமரங்கள். காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் போய்ச் சேரும்போது மணி பத்தாகிவிட்டது.

சின்ன ஊர்தான். ஆனால் தென்னிந்தியாவின் எல்லைச் சண்டை ஆயிரத்துநூறு வருஷ இடைவெளியில் இங்கே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி காஞ்சி மேல் படையெடுத்தான். 634ஆம் ஆண்டு ஐகொளே கல்வெட்டில் அவனுடைய கவிஞர் ரவிகீர்த்தி, பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிய வைத்ததாக எழுதுகிறார். பல்லவர்களின் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் எதிரிகளை அழித்தான் என்கிறது, எதிரி யார் என்று பெயர் சொல்லாமல். இரண்டு பேரும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் சண்டை இழுபறியாக முடிந்திருக்கலாம் என்பது என் ஊகம். அடுத்த தலைமுறையில் நரசிம்மவர்மன் புலிகேசியை மணிமங்கலத்தில் தோற்கடித்துவிட்டு, 642 வாக்கில் வாதாபியையே பிடித்தான். அந்த மணிமங்கலம் வேறெங்கும் இல்லை. ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்கள் அதன் பக்கமாகத்தான் போகின்றன.

1780 செப்டம்பர் 10, மறுபடி புள்ளலூர். வெள்ளைக்காரர்கள் ‘பொள்ளிலூர்’ என்று எழுதினார்கள். கர்னல் பெய்லியின் சுமார் 3,800 பேரை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பறந்தன, வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சரணடைந்தார். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்ரோ உதவிக்கு வந்து சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். காலையில் நான் வந்த அதே செங்கல்பட்டு. இந்த வெற்றியை ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையில் சுவர் முழுக்க வரைந்து வைத்திருக்கிறார்கள். மறு வருஷம் ஆகஸ்டில் அதே இடத்தில் இன்னொரு போர். அதில் செத்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கு வயலோரம் உயரமான நினைவுத்தூண்கள் நிற்கின்றன.

தூண் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதிகாரிகளுக்குத் தூண் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு?

அவர்களுக்கு ஓலை இருக்கிறது. சண்டைக்குச் சில வருஷம் முன்னால், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்கிற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரின் ஏறக்குறைய 2,000 கிராமங்களை அளந்தார். கணக்குப்பிள்ளைகள் பனையோலையில் எழுதிய கணக்குகளை அடிப்படையாக வைத்த வேலை அது. எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலில் தச்சனுக்கு எவ்வளவு, காவல்காரனுக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு என்று எல்லாம் பதிவாகின. அந்த மை காய்வதற்குள் போர் வந்தது. பயிர் எரிந்தது, ஏரி உடைந்தது, ஜனங்கள் ஓடினார்கள். சென்னையில் பஞ்சம். பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் தொடங்கியதுதான் மணியக்காரர் சத்திரம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னைக்காரர்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பது அந்தக் கஞ்சியால்தான்.

1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்ப்பதிலும் குடிகளைத் திரும்ப ஊருக்குக் கொண்டுவருவதிலும் குறியாக இருந்தார். எல்லாம் வரி வசூலுக்காகத்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள்: ஆளைத் திரும்பக் கொண்டுவர முதலில் ஏரியைத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது. நீர் நின்றால்தான் ஊர் நிற்கும். எந்த ராஜா ஜெயித்தான் என்பதைவிட அந்தக் கரை நின்றதா என்பதுதான் இங்கே இருந்தவர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கும்.

திரும்பும்போது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வழி. ஓர் ஏரியின் உள்வாய்க்குள் லாரிகள் வரிசையாக நின்றன. கிராவல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் டயரில் ஒட்டியிருந்ததும் அதே சிவப்பு மண்தான். நான் சந்தோஷமாக ஓட்டிவந்த பாதையில் எத்தனை கிலோமீட்டர் எந்த ஏரியிலிருந்து வந்ததோ. படையெடுப்பில் உடைந்த ஏரியைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். லோடு லோடாக எடுத்துப்போகிற ஏரியை யார் திரும்பக் கொண்டுவருவார்கள்?

நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் சுற்றிவிட்டு இருட்டியபின் வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கடா போன காலங்காத்தால?”

“திருமுக்கூடல்பா. உங்க ஆறு வந்து சேர்ற எடம்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தண்ணி இருந்துதா?” என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை, ஆனால் மூட்டை கட்டுவதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். அடுத்த மழைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாலத்தில் நின்று பார்க்க வேண்டும்.