விற்கப்போவதன் கணக்கு

1884இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ஜான் பேட்டர்சன் வாங்கிய சிறு நிறுவனம் கேஷ் ரிஜிஸ்டர் தயாரித்தது. கல்லாவில் கைவைப்பதைத் தடுக்கும் இயந்திரம். கடை ஊழியர்களுக்கு அது வேப்பங்காய். அதை விற்க, பேட்டர்சன் ஒவ்வொரு விற்பனையாளருக்கும் தனி வட்டாரம் கொடுத்தார். அங்கே எவ்வளவு விற்க வாய்ப்புண்டு என்று கணித்து இலக்கும் வைத்தார். கெடுபிடிக்காரர்தான், ஆனால் கணக்கு தெரிந்தவர்.

அவரிடம் பயின்ற தாமஸ் வாட்சன் 1914இல் போய்ச் சேர்ந்த நிறுவனமே பின்னாளில் ஐபிஎம் ஆனது. அதன் துளையட்டை இயந்திரங்கள் விற்பனையை வட்டாரவாரியாகப் பிரித்துக் காட்டின. ஆனால் அவை காட்டியது விற்று முடிந்தவற்றை மட்டுமே.

இன்னும் கைகூடாத பேரங்கள் விற்பனையாளரின் குறிப்பேட்டிலேயே கிடந்தன. 1993இல் தொடங்கிய சீபெல் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்கள், எந்தப் பேரம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை மேலாளரின் திரைக்குக் கொண்டுவந்தன.